மூன்று நாள் விருந்தும் ஓராண்டுக் கடமையும்

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நம் முன்னோர் வாக்கு. வந்த விருந்தினர் மூன்றாம் நாள் முகமலர்ச்சியோடு விடைபெற்றுச் செல்வதே இரு வீட்டாருக்கும் அழகு என்பது இதன் கருத்து. ஆனால், திரும்பிச் செல்ல வீடில்லாத ஒருவர் நம் வாசலில் வந்து நின்றால் என் செய்வது? மூன்று நாட்கள் கழிந்த பின்னர் அவருக்கும் நமக்கும் இடையிலுள்ள உறவுக்குப் பெயர் யாது?

இக்கேள்வியை நான் நூலிற் கற்கவில்லை. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அக்கூட்டத்தில் நானும் ஒருவன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. மீசாலையில், முன்பின் அறியாத ஒரு வீட்டின் திண்ணையில் எங்கள் குடும்பத்துக்கு இடம் கிடைத்தது. மூன்று நாட்கள் அவ்வீட்டார் எங்களுக்குச் சோறிட்டனர். நாலாம் நாள் என் தாயார் உண்ண மறுத்துவிட்டார். பசி இல்லாமலன்று; இலையில் கை வைக்க அவருக்குக் கூசிற்று.

வீட்டுக்கார அம்மையார் இதனைக் கண்டார், வற்புறுத்தவில்லை. கோடிப்புறத்தில் மூன்று கற்களை வைத்து, கிடுகினால் மறைப்புக் கட்டி, ஒரு பானையும் ஒரு சுளகு அரிசியும் கொண்டு வந்து வைத்தார். "தங்கச்சி, இனி உம்முடைய பிள்ளையளுக்கு உம்முடைய கையாலையே சமைச்சுக் குடும்" என்றார். என் தாயார் அன்றுதான் முதன்முறையாக அழுதார். பிற்காலத்தில் அவர் அடிக்கடி சொல்வதுண்டு: "முதல் நாட் சோறு உயிரைக் காத்தது, நாலாம் நாள் அடுப்பு மானத்தைக் காத்தது."

சில வாரங்களுக்கு முன்னர் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "சேர், கனடாக்காரர் எங்கள் ஆட்களை ஏன் ஏற்றுக்கொண்டார்கள்?" என்று வினவினான். அவனுடைய மாமனார் ரொறொன்ரோவில் இருக்கிறார். அங்கே ஓர் உறவினராவது இல்லாத குடும்பம் இன்று யாழ்ப்பாணத்தில் அரிது. ஆயினும் அக்கேள்விக்கு உடனே மறுமொழி கூற என்னால் இயலவில்லை. "அவர்கள் நல்லவர்கள்" என்று சொல்லிவிடுவது எளிது, அது விடையாகாது. தேடிப் படித்தபோதுதான், அந்த மீசாலை அடுப்பின் நினைவு எனக்கு மீண்டும் வந்தது.

திருப்பி அனுப்பிய கப்பல்கள்

கனடா பிறவியிலேயே விருந்தோம்பும் நாடாக இருக்கவில்லை. 1914 ஆம் ஆண்டு மே மாதத்தில், 'கோமகதா மாரு' என்னும் கப்பல் 376 இந்தியரோடு வன்கூவர்த் துறைமுகத்தை அடைந்தது. அவர்களுட் பெரும்பாலோர் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர். கனடாவைப் போலவே பிரித்தானிய முடியின் கீழிருந்த நாட்டினர் அவர்கள். எனினும், இரண்டு மாத காலம் கப்பல் துறைமுகத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. ஏற்கெனவே அங்கு வசித்து வந்த ஏறத்தாழ இருபது பேரைத் தவிர, ஏனையோர் திருப்பி அனுப்பப்பட்டனர்.

1939 இல் 'சென் லூயிஸ்' என்னும் கப்பல், ஜெர்மனியிலிருந்து தப்பிய யூதர் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சுமந்து அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தது. கியூபா மறுத்தது, அமெரிக்கா மறுத்தது, கனடாவும் மறுத்தது. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பிற்று. அதிற் சென்றவர்களுள் 254 பேர் பின்னர் நாசிகளின் கொடுமைக்கு இரையாயினர்.

இந்த இரண்டாவது கப்பலின் கதை வீண்போகவில்லை. ஏர்விங் அபெல்லா, ஹரோல்ட் ட்ரோப்பர் என்னும் இரு வரலாற்றாசிரியர்கள் அக்காலக் கனடா அரசாங்கம் யூதருக்குக் கதவடைத்த வரலாற்றை ஆராய்ந்து எழுதினர். அந்நூல் 1982 இல் வெளியாவதற்கு முன்னரே, அவர்களது ஆய்வு 1979 இல் குடிவரவு மந்திரியாகவிருந்த றொன் அட்கியின் கைக்குக் கிட்டிற்று. அவர் அதனைப் படித்தார். கதவடைத்த மந்திரி என்று வரலாறு தம்மையும் எழுதக்கூடாது எனத் துணிந்தார். ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இச்செய்தி மிகவும் பிடித்தமானது. சரித்திரம் படிப்பதால் என்ன பயன் என்று கேட்கும் மாணவருக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேறில்லை.

ஐந்து பேர் சேர்ந்தால்

அந்த 1979 ஆம் ஆண்டிலேதான் வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆகிய நாடுகளிலிருந்து மக்கள் பெருந்தொகையாக வெளியேறிக்கொண்டிருந்தனர். பலர் சிறு படகுகளிற் கடலில் இறங்கினர். கடலில் மாண்டோர் பலர். கரையேறியோர் மலேசியா, தாய்லாந்து, ஹொங்கொங் முதலிய இடங்களின் முகாம்களில் அடைபட்டுக் கிடந்தனர்.

கனடாவின் 1976 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் ஒரு புதிய ஏற்பாடு இருந்தது. குடிமக்கள் ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ ஒன்றுசேர்ந்து, ஓர் அகதிக் குடும்பத்தை ஓராண்டு காலம் தாங்குவதாகக் கையொப்பமிட்டால், அக்குடும்பத்தை அரசாங்கம் நாட்டுக்குள் அனுமதிக்கலாம். தேவாலயங்களும் சங்கங்களும் அரசாங்கத்தோடு பொது உடன்படிக்கை செய்துகொள்ளவும் வழியிருந்தது. அவ்வுடன்படிக்கையில் 1979 மார்ச் மாதத்தில் முதன்முதற் கையொப்பமிட்டவர்கள் மெனனைற் என்னும் கிறித்தவ சமூகத்தார். அவர்களிற் பலருடைய பெற்றோர், 1920 களில் ரஷ்யாவிலிருந்து அகதிகளாகக் கனடாவுக்கு வந்தவர்கள். தாம் பட்ட துன்பத்தை மறவாதவரே முதலில் முன்வந்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில், ரொறொன்ரோவில் யோர்க் பல்கலைக்கழகத்துத் தத்துவப் பேராசிரியர் ஹவார்ட் அடெல்மன் அயலார் சிலரைத் தம் வீட்டுக்கு அழைத்தார். மந்திரிக்கு ஒரு கடிதம் எழுதுவதே கூட்டத்தின் நோக்கம். அங்கு வந்த இரு அரசாங்க உத்தியோகத்தர்கள், கடிதத்தை விடப் பயனுள்ள வழி ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது என எடுத்துக் கூறினர். கடிதம் எழுதக் கூடியவர்கள் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்கும் குழுவினராயினர். ஒரு பத்திரிகையாளர் இதனை எழுத, நாடெங்கிலுமிருந்து தொலைபேசி அழைப்புகள் வந்து குவிந்தன. ஒட்டாவா நகர மேயர் மரியன் டியூவார் தம் நகரம் மாத்திரமே 4,000 பேரை ஏற்கும் என்று அறிவித்தார்.

ஜூலை மாதத்தில் அரசாங்கம் 50,000 பேரை ஏற்பதாக அறிவித்தது. பொதுமக்கள் ஒருவரைப் பொறுப்பேற்றால் அரசாங்கமும் ஒருவரைப் பொறுப்பேற்கும் என்பது ஏற்பாடு. மக்களின் ஆர்வம் மந்திரிமாரின் கணக்கை மிஞ்சிற்று. ஆண்டிறுதியில் அரசாங்கம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ள முயன்றபோது, பொறுப்பேற்ற குழுக்கள் வெகுண்டெழுந்தன. "எங்கள் உழைப்பு உங்கள் பங்குக்கு மேலதிகமாக இருக்க வேண்டுமேயன்றி, அதற்குப் பதிலாக இருக்கக்கூடாது" என்பதே அவர்களின் வாதம். 1980 இல் மேலும் 10,000 பேர் சேர்க்கப்பட்டனர். ஈற்றில் ஏறத்தாழ 60,000 பேர் வந்து சேர்ந்தனர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோரைப் பொறுப்பேற்றவர்கள் சாதாரண மக்கள்; ஏழாயிரத்துக்கு மேற்பட்ட குழுக்கள்.

ஓராண்டில் என்ன செய்தனர்?

பெருந்தொகைகளைக் கேட்டு வியப்பது எளிது. நமக்குப் படிப்பினை தருவது அந்த ஐந்து பேரின் அன்றாட வேலையே.

விமானங்கள் முதலில் எட்மன்ரன், மொன்றியல் ஆகிய நகரங்களிலிருந்த இராணுவ முகாம்களுக்கு வந்தன. வெப்ப நாட்டுச் செருப்போடு இறங்கியவர்களுக்குக் குளிர்கால மேலங்கியும் சப்பாத்தும் அங்கு வழங்கப்பட்டன. பின்னர் அவர்கள் தத்தம் குழுவினரிடம் சென்றனர். குழுவினர் முன்கூட்டியே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, கட்டில், பானை, சட்டி முதலியவற்றைத் தேடி வைத்திருப்பர். ஒருவர் பிள்ளைகளைப் பாடசாலையிற் சேர்ப்பார். மற்றொருவர் வைத்தியரிடமும் பல் வைத்தியரிடமும் அழைத்துச் செல்வார். இன்னொருவர் பஸ் வண்டியில் ஏறி இறங்கவும், வங்கியிற் கணக்குத் திறக்கவும், கடையில் அரிசி எங்கே இருக்கும் என்று அறியவும் கூடவே செல்வார். ஆங்கில வகுப்பைத் தேடுவது ஒருவர் பொறுப்பு. வேலைவாய்ப்பைத் தேடுவது மற்றொருவர் பொறுப்பு. கணக்குப் புத்தகத்தை ஒருவர் வைத்திருப்பார்.

இங்கே ஒரு நுட்பமான விஷயம் உண்டு. குழுவின் பொறுப்புக்கு எல்லை ஓராண்டு. அதற்கு முன்னரே அக்குடும்பம் தன் காலில் நின்றுவிட்டால், அன்றே பொறுப்பு முடிந்தது. தன்னைத் தேவையற்றதாக்கிக்கொள்வதே குழுவின் வெற்றி. விமானப் பயணச் செலவும் இனாமன்று. அரசாங்கம் அதனைக் கடனாகவே கொடுத்தது. கையிற் காசில்லாத அம்மக்கள், தவணை தவணையாக அக்கடனைச் செலுத்தினர். கடன் கொடுத்தது கருமித்தனம் என்று சிலர் கூறக்கூடும். ஆனால், கடனைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒருவனுக்கு உண்டாகும் நிமிர்வை, இனாம் பெற்றவன் அறியமாட்டான்.

தவறுகளும் உண்டு

எல்லாம் இனிதே நிறைவேறிற்று என்று எழுதினால் அது உண்மையாகாது. உதவி செய்பவருக்கு ஒரு மயக்கம் உண்டு. தாம் வாங்கிக் கொடுத்த உடையையே உடுக்க வேண்டும், தாம் காட்டிய ஊரிலேயே வாழ வேண்டும் என்று எதிர்பார்க்கும் மயக்கம் அது. சிற்றூர்களிற் குடியமர்த்தப்பட்ட பலர், ஓராண்டு கழியுமுன்னரே தம்மினத்தார் வாழும் பெருநகரங்களுக்குப் புறப்பட்டபோது, பொறுப்பேற்றவர்கள் மனம் நொந்தனர். நன்றியில்லையோ என்று சிலர் எண்ணினர். ஆனால், தாய்மொழியிற் பேச ஒருவரும் இல்லாத ஊரில், வீடும் உணவும் இருந்தும் மனிதன் தனியனே அன்றோ? பௌத்தர்களிற் சிலர், தேவாலயக் குழுவுக்கு நன்றி காட்டுவதாயின் ஞாயிறு தோறும் தேவாலயம் செல்லவேண்டும் போலும் என்று எண்ணி, மனமில்லாமலே சென்று வந்தனர்.

மோர்ட்டன் பைசர் என்னும் மனநல மருத்துவர் 1981 இல் வன்கூவர்ப் பகுதியில் இவ்வகதிகள் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்டோரை ஆராயத் தொடங்கி, பத்தாண்டுக் காலம் அவர்களைத் தொடர்ந்து கவனித்து வந்தார். அவர் கண்டவை நமக்கும் பயன்படும். பொதுமக்களின் பொறுப்பில் வந்தோர், அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தோரைவிட ஈற்றில் நல்ல நிலையை அடைந்திருந்தனர். ஆனால், பொறுப்பேற்றவரின் சமயமும் வந்தவரின் சமயமும் வேறுபட்ட இடங்களில் மனச்சோர்வு அதிகமாகக் காணப்பட்டது. சீன வம்சத்தவருக்கு அந்நகரில் முன்னரே ஒரு சீன சமூகம் இருந்தமையால், அவர்கள் தொடக்ககால இன்னல்களை ஓரளவு எளிதாகத் தாங்கினர். பத்தாண்டுகளின் முடிவில் அகதிகளிடையே வேலையின்மை, நாட்டின் பொது நிலையைவிடக் குறைவாகவே இருந்தது. 'வந்தவர் நமக்குப் பாரமாவர்' என்று அஞ்சியவர்களுக்கு இதுவே விடை.

அன்பாக வரவேற்கப்பட்ட பிள்ளை பிற்காலத்தில் என்ன திருப்பிக் கொடுக்கும் என்பதற்குக் கிம் துய் என்பவர் ஒரு சான்று. பத்து வயதளவிற் படகில் வியட்நாமை விட்டுப் புறப்பட்டு, மலேசிய முகாமொன்றில் இருந்து, கியூபெக் மாகாணத்தின் கிறான்பி என்னும் சிறு நகரை அடைந்தவர் அவர். தையல் வேலை, மொழிபெயர்ப்பு, சட்டத்தொழில், உணவுச்சாலை எனப் பல தொழில்களைச் செய்தபின், 2009 இல் 'ரூ' என்னும் நாவலைப் பிரெஞ்சு மொழியில் எழுதினார். கனடாவின் உயரிய இலக்கியப் பரிசு அதற்குக் கிடைத்தது. அச்சொல்லுக்குப் பிரெஞ்சு மொழியிற் சிற்றோடை என்று பொருள். வியட்நாம் மொழியில் தாலாட்டு என்று பொருள். இரண்டு மொழியும் ஒரு சொல்லிற் சந்தித்துக்கொண்டன.

நம்மவர் சென்ற படகுகள்

இனி, மாணவனின் கேள்விக்கு வருவோம். 1986 ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதம் 11 ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்துத் தீவின் தென்கரைக்கு அப்பால், கஸ் டோல்ரன் என்னும் மீனவர் மூடுபனியின் நடுவே இரண்டு உயிர்காப்புப் படகுகளைக் கண்டார். அவற்றில், பெண்களும் குழந்தைகளும் உட்பட, 155 இலங்கைத் தமிழர் நெருக்குண்டு கிடந்தனர். கப்பலொன்று அவர்களை நடுக்கடலில் இறக்கிவிட்டுச் சென்றிருந்தது. அவர் தாமதிக்கவில்லை. அயலில் நின்ற மீன்பிடிப் படகுகளையும் அழைத்து, அவர்களைக் காப்பாற்றினார். கடலிலே தத்தளிப்பவரிடம் எந்தக் கடற்றொழிலாளியும் முதலிற் கேட்பது கடவுச்சீட்டையன்று. நம் கரையூர் மீனவருக்கும் இது தெரிந்த தர்மமே.

இவர்களை ஐவர் குழு எதுவும் அழைத்திருக்கவில்லை. தாமாகவே வந்து புகலிடம் கேட்டவர்கள். தாம் இந்தியாவிலிருந்து வந்ததாக அவர்கள் முதலிற் கூறியது பொய் என்றும், மேற்கு ஜெர்மனியிலிருந்தே கப்பலேறினர் என்றும் சில நாட்களில் வெளியாயிற்று. நாட்டிற் கோபம் எழுந்தது. ஆயினும் அவர்கள் திருப்பி அனுப்பப்படவில்லை. தற்காலிக அனுமதி பெற்று, ரொறொன்ரோவுக்கும் மொன்றியலுக்கும் சென்று வேலை தேடிக்கொண்டனர். 2016 இல், முப்பது ஆண்டுகள் நிறைவுற்றபோது, மீட்கப்பட்டவர்களுட் சிலர் அந்த மீனவரைத் தேடிச் சென்று நன்றி கூறினர்.

அதே 1986 ஆம் ஆண்டில், ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையாளர் அலுவலகத்தின் நான்சன் பதக்கம் கனடாவுக்குக் கிடைத்தது. அது பிரதம மந்திரிக்கோ ஓர் இயக்கத்துக்கோ வழங்கப்படவில்லை. 'கனடா நாட்டு மக்கள்' அனைவருக்கும் வழங்கப்பட்டது. முழு மக்களினம் ஒன்றுக்கு அப்பதக்கம் கிடைத்தது அதற்கு முன்னுமில்லை, பின்னுமில்லை.

பதக்கம் பெற்றவர் மறதிக்கு ஆளாகமாட்டார் என்பதற்கில்லை. 2010 இல் 'சன் சீ' என்னும் கப்பலில் 492 தமிழர் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தபோது, அவர்களை வரவேற்றது தடுப்புக்காவல். மாதக்கணக்கிற் சிறையிருந்தோர் பலர். பின்னர் 2015 இன் இறுதியிலும் 2016 இன் தொடக்கத்திலும், சிரியா நாட்டு அகதிகள் 25,000 பேரை அதே நாடு சில மாதங்களிலேயே ஏற்றது. அப்போது பொறுப்பேற்க முன்வந்தவர்களிடையே, 1979 இற் படகேறி வந்த வியட்நாமியரும் இருந்தனர். மெனனைற் மக்கள் ஏற்றிய விளக்கு அடுத்த கைக்கு மாறிற்று. 1979 முதல் இன்றுவரை, பொதுமக்களின் பொறுப்பில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் அந்நாட்டிற் குடியேறியுள்ளனர். எனினும், விண்ணப்பங்கள் மலைபோற் குவிந்தமையால், 2024 நவம்பர் மாத இறுதியில் ஐவர் குழுக்களின் புதிய விண்ணப்பங்களை ஏற்பதை அரசாங்கம் தற்காலிகமாக நிறுத்திற்று. கதவு திறப்பதும் அடைப்பதும் மாறி மாறி வருவதே வரலாறு போலும்.

அடுப்பு மூட்டும் உரிமை

ஆகவே, மாணவனுக்கு நான் கூறிய விடை இதுதான்: "அவர்கள் நல்லவர்களாய்ப் பிறந்ததனால் ஏற்றுக்கொள்ளவில்லை. திருப்பி அனுப்பிய கப்பல்களின் வெட்கத்தை மறவாமல், விருந்தோம்பலைப் பாடமாகக் கற்றதனால் ஏற்றுக்கொண்டனர். மறந்தபோது தவறினர், நினைத்தபோது சிறந்தனர்."

அப்பாடம் நமக்கும் அயலானதன்று. போர், வெள்ளம், மண்சரிவு ஆகியன நம் நாட்டிலும் மனிதரை ஊர்விட்டு ஊர் துரத்தியுள்ளன. நாம் ஏதிலிகளாய் நின்றதுமுண்டு; நம் ஊருக்கு வந்தவரை, இருபது ஆண்டுகள் சென்ற பின்னும் 'வந்தான் வரத்தான்' என்று ஒதுக்கியதுமுண்டு. ஒரு குடும்பத்துக்கு நாட்கணக்கில் உணவுப் பொட்டலம் கொடுப்பது கடினமன்று. அக்குடும்பத்தின் பிள்ளை நம் பிள்ளையோடு ஒரே வாங்கில் அமர்ந்து படிக்க இடங்கொடுப்பதும், தகப்பனுக்கு ஒரு தொழில் தேடிக் கொடுப்பதும், கோயிற் சபையிலும் கிணற்றடியிலும் அவர்களுக்கு ஒரு சொல்லுரிமை கொடுப்பதுமே கடினம். கொடுத்தபின், 'நாமே இவர்களை வாழ வைத்தோம்' என்று சொல்லிக் காட்டாதிருப்பது அதனினும் கடினம்.

மீசாலை அம்மையாருக்குக் கனடாவின் சட்டம் தெரியாது. நான்சன் பதக்கமும் தெரியாது. விருந்து மூன்றாம் நாளோடு முடிந்துவிட வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆகவேதான் விருந்தை முடித்து அயலைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு நாங்கள் ஊர் திரும்பியபோது, அந்த மூன்று கற்களையும் கழுவி, வேலியோரத்தில் அடுக்கி வைத்துவிட்டு வந்தார் என் தாயார். யாருக்கு வைத்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அடுத்து வரும் ஒரு குடும்பத்துக்காக வைத்திருக்கிறார் என்பது இப்போது விளங்குகிறது.